படம் தாய்க்கு, பிள்ளைக்கு அல்ல!

மதுரைக்கு மேற்கே 10, 12 கிலோமீட்டர் போனால் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்து ஊர். மலையடியில் அய்யனார் கோயில். பக்கத்தில் தாமரைக் குளம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆலமர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள். மலை ஏறிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள்.

நாம் போனது மலையைப் பார்க்க அல்ல. ஒரு பிள்ளையைப் பார்க்க.

பிறந்து 11 நாள் ஆன பிள்ளை. தலைப்பிள்ளை. ஆபரேஷன் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து 4 நாள்தான் ஆகிறது. வாசலில் கால் வைக்கும்போதே அழுகைச் சத்தம் காதைத் துளைத்தது. இதை எழுதுகிறவளும் பிள்ளை பெற்றவள் என்பதால் உள்ளே விட்டார்கள்.

இளந்தாய் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் தையல். மடியில் தலையணை. தலையணையில் பிள்ளை. பிள்ளையின் வாயருகே மார்பைக் கொண்டுபோக அவள் முன்னால் குனிகிறாள். தையல் இழுக்கிறது. முகம் சுளிக்கிறாள். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது. நழுவுகிறது. மறுபடி வீறிடுகிறது. அவள் கண்ணிலும் தண்ணீர்.

“பால் பத்தலத்தா பிள்ளைக்கு. அதான் இப்புடிக் கத்துது” என்றார் அம்மாச்சி. “தம்பிகிட்டச் சொல்லி ஒரு டப்பா வாங்கியாரச் சொல்றேன்.”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்தாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். என்னவோ எழுத்துக் கூட்டி அழுத்தினாள். வரிசையாக வீடியோக்கள் வந்து விழுந்தன. ஒன்றில் ஒருவர் பால் ஊறப் பூண்டு லேகியம் விற்கிறார். ஒன்றில் ஒரு பெண், பிள்ளைக்குத் தேன் தொட்டு நாக்கில் தடவலாம் என்கிறாள். இன்னொன்று பாடிக்கொண்டு ஆடும் பொம்மைப் படம். பிள்ளை அழுதால் இதைக் காட்டுங்கள் என்று தலைப்பு. எதை நம்புவது?

அந்த நேரத்தில் கிராமச் செவிலியர் வந்து சேர்ந்தார். ஊரில் அவரை நர்சம்மா என்கிறார்கள். அவர் கையிலும் ஒரு செல்போன் இருந்தது. அதிலும் ஒரு வீடியோ இருந்தது.

“அம்மாச்சி, நீங்களும் இப்புடி வந்து உக்காருங்க. இத நீங்கதான் மொதல்ல பாக்கணும்” என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

அரைப் பத்தி எழுத்தும் அரை நிமிடப் படமும்

பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்று சிலர் சிரிப்பார்கள். ஆடும் மாடும் யாரிடம் படித்தன என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

முன்பு ஒரே வீட்டில் அக்கா, சித்தி, மதினி என்று நாலு பேர் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றார்கள். சின்னப் பெண் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். இன்று வீட்டுக்கு ஒன்று, இரண்டு. தன் மடிக்கு வரும் பிள்ளைதான் ஒரு பெண் முதன்முதலில் தூக்கும் பச்சைப்பிள்ளை. அம்மாச்சிக்கோ தான் பிள்ளை பெற்று 20, 25 வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அவருக்கு ஆபரேஷனும் இல்லை, தையலும் இல்லை.

நர்சம்மா காட்டிய படத்தில் இருந்த சங்கதியை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறோம். தாய் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார வேண்டும். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக் கூடாது. வலது மார்பில் கொடுப்பதானால் இடது கையால் பிள்ளையைத் தாங்க வேண்டும். கை, பிள்ளையின் கழுத்துக்கும் தோளுக்கும் அடியில் இருக்க வேண்டும். தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மேலுதட்டில் காம்பால் வருடினால் பிள்ளை கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் சட்டென்று அணைக்க வேண்டும். காம்பு மட்டுமல்லாமல், அதைச் சுற்றியுள்ள கருவளையத்தில், முக்கியமாக அதன் கீழ்ப்பகுதியில், பெரும்பங்கு வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். சரியாகக் கவ்வினால் வலிக்காது. வலித்தால், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

படித்தீர்களா? இதில் எத்தனை உங்கள் நினைவில் நிற்கும்? கை எங்கே, தலை எங்கே என்று குழம்பியிருப்பீர்கள். அதையே படத்தில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். புரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் பார்க்கலாம். நள்ளிரவு 2 மணிக்கு, நர்சு இல்லாத வேளையில், தனியாக விழித்திருக்கும் தாயும் பார்க்கலாம்.

இன்னொன்றும் அந்தப் படத்தில் வந்தது. ஆபரேஷன் ஆன தாய் பிள்ளையை மடியின் குறுக்கே போட வேண்டியதில்லை. கக்கத்தில் பையை இடுக்குவதுபோல, பிள்ளையைப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டு பால் கொடுக்கலாம். பிள்ளையின் கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போய்விடும். தையலில் பாரம் விழாது. படுத்தபடியும் கொடுக்கலாம். இது சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 ஆபரேஷன் பிரசவம். பாதிக்குச் சற்றுக் குறைவான தாய்மார்கள் தையலோடுதான் பிள்ளையைத் தூக்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த இடுக்கிப் பிடியை யாராவது காட்டியிருப்பார்கள்? இதை எழுதுகிறவளுக்கு யாரும் காட்டவில்லை. 20-ஆம் நாள் வீட்டுக்கு டப்பா வந்தது. வாங்கி வந்தவர் நல்ல எண்ணத்தோடுதான் வாங்கி வந்தார்.

பம்பாயில் பிறந்த பாடம்

இப்படிப்பட்ட படங்களை எடுத்தவர்கள் யார்?

பம்பாய் ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா என்ற பேராசிரியர் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்றொரு திட்டத்தை நடத்தினார். அது முதலில் பிள்ளை வளர்ப்புக்காக வந்ததல்ல. கம்ப்யூட்டர் கற்றுக் கொள்வதற்காக வந்தது. சின்ன ஊர்க் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இருக்கும். சொல்லித்தர ஆள் இருக்காது. அந்த மாணவன் தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்காகப் பத்து நிமிட அளவில் சின்னச் சின்னப் படங்கள். குரல் மட்டும் தாய்மொழியில். படத்தில் ஒரு படி பார்ப்பது, நிறுத்துவது, தானே செய்து பார்ப்பது, அப்புறம் அடுத்த படி. இதுதான் முறை.

வாத்தியார் இல்லாத ஊரில் மாணவன் படிக்கலாம் என்றால், டாக்டர் இல்லாத ஊரில் தாய் படிக்கக் கூடாதா? ரூபல் தலால் என்ற குழந்தை மருத்துவர் அதே முறையில் தாய்ப்பாலுக்கும் பிள்ளை உணவுக்கும் படங்கள் தயாரிக்க முன்நின்றார். பிள்ளையைப் பிடிக்கும் முறைகள், வாய் பொருத்தும் முறை, கையால் பால் பீய்ச்சி எடுத்து வைக்கும் முறை, எடை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் முறை, 6 மாதத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டிய உணவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். காசு இல்லை.

இன்னொரு முயற்சி பெங்களூரில் தொடங்கியது. நூரா ஹெல்த் என்று பெயர். ஆஸ்பத்திரி வார்டிலேயே நர்சு, தாயையும் கூட வந்திருக்கும் சொந்தக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைக்கிறார். படம் போட்டுக் காட்டுகிறார். செய்தும் காட்டுகிறார். வீட்டுக்குப் போன பிறகு செல்போனில் செய்தி வருகிறது. கர்நாடகம், பஞ்சாப் முதலிய மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது. பாடம் கேட்ட குடும்பங்களில் பிள்ளையைத் தோலோடு தோலாக அணைப்பதும், தொப்புள் கொடியில் எதையும் தடவாமல் உலர விடுவதும் கூடியிருப்பதாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. படம் ஆளுக்குப் பதிலாக வரவில்லை. ஆளின் கையில் ஒரு கருவியாக வந்திருக்கிறது.

சொல்லால் காட்ட முடியாதது

பிள்ளைக்கு மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறோம். எது முட்டல்? பச்சைப்பிள்ளை எப்போதுமே கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் மூச்சு விடும். மூக்கில் சளி இருந்தால் கர்ரென்று சத்தம் வரும். அம்மாச்சி பயப்படுவது அந்தச் சத்தத்துக்கு. ஆனால் உண்மையான ஆபத்து பல சமயம் சத்தம் போடாது. பிள்ளை மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி, விலாவுக்குக் கீழே, பள்ளமாக உள்ளே போகும். இதை ஒரு முறை பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். பார்க்காதவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது. இதற்குப் படத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அதுவும் ஆபத்து. பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, உடம்பு சுடுவது, உடம்பு சில்லிட்டுப் போவது, தொட்டு எழுப்பினாலொழிய கைகால் அசைக்காமல் கிடப்பது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது, இவையும் ஆபத்தான அறிகுறிகள்தாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு இது எதுவுமே நேராது என்று நர்சம்மா தைரியம் சொன்னார். நேர்ந்தால் கண்டுகொள்ளத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார்.

நம் நாட்டுக் கணக்கு

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. பிரசவங்களில் 100-க்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2020-ல் இந்தியா முழுவதும் உயிரோடு பிறந்த 1000 பிள்ளைகளில் 28 பிள்ளைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. தமிழ்நாட்டில் 13. நர்சுகளும் டாக்டர்களும் சேர்ந்து செய்த சாதனை இது.

ஆனால் அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 100-க்கு 60. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டிய பிள்ளைகளில் அப்படிக் குடித்தவை 100-க்கு 55. 2015-16-ல் இது 48 ஆக இருந்தது. ஏறியிருக்கிறது; போதவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 பொருள் அடங்கிய ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட உண்டு. நல்ல காரியம். பெற்றுக்கொண்ட தாய்மார்கள் பூரித்துப் போனார்கள். 17-ஆவதாக ஒரு பாடமும் போகலாம். அதற்குப் பெட்டியில் இடம் தேவையில்லை. தாயின் செல்போனில் ஏற்றிவிட்டால் போதும்.

மலையிலும் படம்

படம் காட்டிச் சொல்வது கீழக்குயில்குடிக்குப் புதிதா? சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாகச் சமண உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வேலை. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். ஒரு உருவத்தைச் செய்வித்தவர் குணமதியார் என்ற அம்மையார். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சிலராகவே இருந்திருப்பார்கள். உருவத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பேச்சி என்ற பெயருள்ள தெய்வம் யாரைக் காக்கும் தெய்வம் என்று நம் பக்கத்துப் பெண்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதை முதலில் தொடங்கிப் பார்த்தது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எடை அட்டையில் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று தாய்க்குக் காட்டினார்கள். படிக்காத தாய்க்கும் அந்தக் கோடு புரிந்தது. பிரசாரத்துக்கென்றே திட்டத்தில் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். தாய்க்கு எடுத்துச் சொல்வதும் சோறு போடுவதைப் போல ஒரு வேலைதான் என்று அன்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் இந்தியாவில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் டெலிவிஷன் பெட்டி வைத்தார்கள். பெரும்பாலும் பின்தங்கிய பகுதிகள். சாயங்காலம் ஊரே கூடிப் பார்த்தது. உழவும் உடல்நலமும் பாடம். ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. நம் சென்னையில் டெலிவிஷன் வந்ததே அந்த ஆகஸ்டு 15-ஆம் தேதிதான். ஒரு வருஷத்தில் செயற்கைக்கோள் போய்விட்டது.

அன்று ஊருக்கு ஒரு பெட்டி. இன்று கீழக்குயில்குடியில் வீட்டுக்கு ஒன்று, இரண்டு செல்போன். பெட்டிக்குப் பஞ்சமில்லை. எந்தப் படத்தை யார் காட்டுவது என்பதற்குத்தான் பஞ்சம்.

ஒடிசாவில் கண்டது

படம் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒடிசாவில் கியோஞ்ஜர் மாவட்டத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். டிஜிட்டல் கிரீன் என்ற நிறுவனத்தின் முறை அது. நடிப்பவர்கள் சினிமாக்காரர்கள் அல்ல. உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும். மாதர் குழுக் கூட்டத்தில் பேட்டரியில் ஓடும் சின்னப் புரொஜெக்டரில் காட்டுவார்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பிறகு வீடு தேடிப்போய்ச் செய்தார்களா என்று பார்ப்பார்கள். 148 கிராமத் தொகுதிகளில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. படம் பார்த்த ஊர்களில் பிள்ளைகளின் சாப்பாட்டில் பலவகை உணவு சேர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் மெலிவு குறையவில்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதே. படம் அறிவைக் கொடுக்கும். முட்டை வாங்கக் காசு கொடுக்காது. தாய்க்கு ஓய்வு கொடுக்காது. பிரசவம் ஆன 40-ஆம் நாள் வேலைக்குத் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு லீவு கொடுக்காது. அவை வேறு யாராவது கொடுக்க வேண்டியவை.

கடைக்காரன் படம்

கட்டிலில் இருந்த பெண் முதலில் பார்த்த வீடியோக்களை மறந்துவிடக் கூடாது. நல்ல படம் ஒன்று இருக்கும் இடத்தில் பொல்லாத படம் ஒன்பது இருக்கிறது.

பால்பவுடரையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆனால் செல்போன் படத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டே டப்பாவைக் கையில் பிடித்துப் பேசினால், அது விளம்பரமா, தோழியின் யோசனையா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

சேனை வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பார்கள். செல்போன் வைத்தியர்களும் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தசைகளைச் செயலற்றதாக்கி மூச்சையே நிறுத்திவிடும். எப்போதோ நடப்பதுதான். நடந்துவிட்டால்? சேனை வைப்பது பெரியவர்களின் ஆசி என்றால், தலையில் கை வைத்து ஆசி சொல்லலாமே! வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ஆனாலும் அதை உரைத்துப் பச்சைப்பிள்ளையின் வாயில் ஊற்ற வேண்டாம் என்பதே இன்றைய டாக்டர்களின் பேச்சு. பாட்டிகளிடம் இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, ஒரு வீடியோ ஏதாவது ஒரு பொருளை வாங்கச் சொன்னால் அதை மூடிவிடுங்கள். பேசுகிறவர் யார், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கல்லூரி என்று பெயர் இல்லாவிட்டால் நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் உங்கள் நர்சம்மாவிடம் காட்டிக் கேளுங்கள். 104 என்ற அரசு எண்ணிலும் கேட்கலாம்.

பிள்ளைக்குப் படம் வேண்டாம்

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். தாய்க்குப் படம் காட்டச் சொன்னால், சில வீடுகளில் பிள்ளைக்குக் காட்டிவிடுகிறார்கள். அழுகிற பிள்ளையின் முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அதைப் பார்த்து ‘என்ன கெட்டிக்காரப் பிள்ளை’ என்று மெச்சுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆசையை வைத்தே பெரிய வியாபாரம் நடந்தது. ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்று பச்சைப்பிள்ளைகளுக்கான படங்கள். பெயரைக் கேட்டாலே பிள்ளை விஞ்ஞானி ஆகிவிடும் போலத் தோன்றும். 2007-ல் வாஷிங்டன் மாநில ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 8 முதல் 16 மாதப் பிள்ளைகளில், இம்மாதிரிப் படத்தை நாள்தோறும் பார்க்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், புரிந்துகொள்ளும் சொற்கள் 6 முதல் 8 வரை குறைவாக இருந்தன. படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் 2009-ல் அதை விற்ற டிஸ்னி கம்பெனி, வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயது வரை வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரோடு எப்போதாவது வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைத்திருக்கிறது. துபாயில் இருக்கும் அப்பா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு வேண்டியது பேசுகிற முகம். தாலாட்டோ, வெறும் ‘ஙா, ஙா’வோ எதுவானாலும் சரி. பிள்ளை ஒரு சத்தம் போட்டால் திருப்பி ஒரு சத்தம் வர வேண்டும். செல்போன் அதைச் செய்யாது.

தாய் படம் பார்ப்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். பால் கொடுக்கும்போது கண் திரையில் இருந்தால், பிள்ளை வாயை விட்டுவிட்டதும் தெரியாது, தூங்கிப்போனதும் தெரியாது. பார்க்க வேண்டியதைப் பிள்ளை தூங்கும்போது பார்த்துவிட வேண்டும்.

அம்மாச்சிக்கும் பாயில் இடம்

கீழக்குயில்குடி வீட்டுக்குத் திரும்புவோம்.

நர்சம்மா படத்தை மூன்று இடத்தில் நிறுத்தினார். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சரி செய்தார். இடுக்கிப் பிடிக்குத் தலையணையைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். நான்காவது முயற்சியில் பிள்ளை வாயை அகலத் திறந்து கவ்விக்கொண்டது. அழுகை நின்றது. விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் முதன்முறையாக முதுகைச் சாய்த்தாள்.

அம்மாச்சி விடவில்லை. “பால் பத்துதான்னு எப்புடிம்மா தெரியும்?” என்று கேட்டார். அது சரியான கேள்வி. எல்லா வீட்டிலும் டப்பா உள்ளே வருவது இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போகுதுன்னு எண்ணுங்க அம்மாச்சி. ஆறு தடவைக்கு மேல துணி நனைஞ்சா பால் பத்துதுன்னு அர்த்தம். வாரா வாரம் எடை நான் பாக்குறேன்” என்றார் நர்சம்மா. பிறந்த சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வருவதும் இயல்புதான் என்றும் சொன்னார்.

எண்ணும் வேலை அம்மாச்சிக்கு வந்து சேர்ந்தது. அவர் முகம் மாறிப்போயிற்று. அதுவரை படத்தைச் சந்தேகத்தோடு பார்த்தவர், இப்போது அதில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதைக் கண்டுகொண்டார். படத்தைத் தாய்க்கு மட்டும் காட்டினால், மாமியாரோ அம்மாச்சியோ மறுநாளே மாற்றிவிடுவார்கள். ‘நேத்துப் பொறந்தவ எனக்குச் சொல்ல வந்துட்டா’ என்று பேச்சு வரும். பெரியவரையும் சேர்த்து உட்கார வைத்தால் அந்தச் சண்டையே இல்லை.

மாப்பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, எடை குறைந்த பிள்ளையை வெறும் நெஞ்சில் அணைத்துக்கொள்வது, எல்லாமே ஆண் செய்யக்கூடிய வேலை. நெஞ்சோடு அணைக்கும் முறையை 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் தொடங்கினார்கள். இன்குபேட்டர் போதாத குறைக்குக் கண்ட வழி அது. 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்லியிருக்கிறது. தகப்பன் நெஞ்சும் சூடானதுதான்.

வார்டு டெலிவிஷனில் என்ன ஓடுகிறது?

கடைசியாக அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்.

சுகப்பிரசவம் ஆனாலும் தாய் ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாவது இருக்கிறாள். ஆபரேஷன் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். கூடவே அம்மாச்சி இருக்கிறார். மாப்பிள்ளை வாசலில் காத்துக்கிடக்கிறார். எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. எல்லாருக்கும் பயமும் இருக்கிறது. பாடம் சொல்லித்தர இதைவிட நல்ல வேளை எப்போது வாய்க்கும்?

வார்டுச் சுவரில் டெலிவிஷன் இருந்தால் அதில் நாடகம் ஓட வேண்டாம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை இந்தப் பத்து நிமிடப் படங்களைப் போடட்டும். படம் ஓடும்போது ஒரு நர்சு வார்டில் நின்று, நிறுத்தி, கை பிடித்துக் காட்டட்டும். அதற்கு நர்சுக்கு நேரம் வேண்டும். அதாவது இன்னும் நர்சுகள் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது அதே படங்களை இளந்தாயின் செல்போனில் ஏற்றிவிடட்டும். நெட் இல்லாத ஊரிலும் பார்க்கலாம். செல்போன் இல்லாத தாய்க்கு அங்கன்வாடியில் வாரம் ஒரு நாள் காட்டலாம். படத்தில் பேசும் தமிழ் புத்தகத் தமிழாக இல்லாமல் மதுரைக்கு மதுரைத் தமிழாக, நெல்லைக்கு நெல்லைத் தமிழாக இருந்தால் அம்மாச்சிகளும் காது கொடுப்பார்கள்.

நாம் கிளம்பும்போது பிள்ளை தூங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் 7 மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாளாம். அவளையும் கூட்டி வருகிறேன், அதுவரை நர்சம்மாவைப் போக விடாதே என்று மகளிடம் சொல்லிவிட்டு, அம்மாச்சி செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார்.